அச்சில் இல்லாத சொம்பு

அத்தியாயம் பதினொன்று

குப்பம்மாவின் கூழ்ப்பானை அன்றும் நிறைந்தபடியே துறைமுக வாசலிலிருந்து திரும்பி வந்தது.

கல்மண்டபத்து லைன் வீடுகளின் வாசலில் பேசிக்கொண்டிருந்த பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். அவள் தாண்டிப் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். பானையை இறக்க ஒருத்தியும் எழுந்து வரவில்லை. மகள் ராஜாத்திதான் ஓடிவந்து இறக்கினாள். கூழின் மேல் ஏடு கட்டியிருந்தது. அதில் ஓர் ஈ ஒட்டிக்கொண்டு செத்திருந்தது.

ஒருவன்கூடவா வரவில்லை என்று ராஜாத்தி கேட்டாள்.

"லூர்து வந்தான். குண்டானைக் கையில வாங்கி மோந்து பாத்தான். அப்பால கீழ வச்சுட்டுப் பூட்டான்" என்றாள் குப்பம்மா. சொல்லிவிட்டுப் பானையைக் காலால் மூலைக்குத் தள்ளினாள். அழவில்லை. அவள் அழுது ராஜாத்தி பார்த்ததே கிடையாது, அப்பன் செத்த அன்றுகூட.

போன மழைக்கு முன்னால் வரை கரி இறக்குகிற ஆட்கள் அந்தக் கூழுக்கு முண்டியடித்து நின்றவர்கள்தான். இடையில் இந்தக் குடும்பத்துக்கு வந்த கெடுதல் ஒரு நாவல்.

"உப்பு மேட்டுப் பிணம்" என்று அதற்குப் பெயர். கும்பினி காலத்து எண்ணூர் உப்பளத்தில் ஒரு சேவகன் கொலையாகிக் கிடந்த கதை. பாகம் பாகமாக வந்தது. ராஜாத்தியின் புருஷன் நீலமேகம் அதைக் கரிக் குவியலின் நிழலில், மத்தியானச் சாப்பாட்டு வேளையில், தன் கோஷ்டிக்கு உரக்கப் படித்துக் காட்டினான். நாலாவது பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் அவன். கோஷ்டியில் எழுத்துத் தெரிந்தவன் அவன் ஒருவனே. அந்தத் துறையில் இதற்கு ஒரு முறை இருந்தது. படிக்கிறவன் தொண்டை வறளப் படிக்க வேண்டும். சாயங்காலம் வரைக்கும் அவன் பங்குக் கரிக்கூடையைக் கேட்டவர்கள் சுமந்துவிடுவார்கள்.

சேவகனின் பெண்டாட்டி அரளி விதையை அரைத்து நீராகாரத்தில் கலந்து கொடுத்தாள் என்று நீலமேகம் படித்தான். கொடுத்த சொம்பை அடுப்புக்குக் கீழே புதைத்தாள். மேலே புது அடுப்புப் போட்டாள். அதே அடுப்பில் கூழ் காய்ச்சி ஊருக்கு விற்றாள். நடக்கும்போது அவளுக்கு வலது தோள் ஏறியிருக்கும்.

கேட்டவர்கள் கதையைத் துறைமுகத்தோடு விட்டுவிடவில்லை. ரகுபதி என்பவன் பெண்டாட்டி கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதை நிறுத்தினான். அவள் கோபித்துக்கொண்டு வியாசர்பாடிக்கு, பிறந்த வீட்டுக்கே போய்விட்டாள். ஒரு கிழவர் செத்த சேவகனுக்காகத் தன் கூடப்பிறந்தவனைப் போல அழுதார். இன்னொருவன் லீவு நாளில் எண்ணூர் வரைக்கும் நடந்து போய், அந்த உப்பு மேட்டைத் தானே கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்தான். கேட்ட கதையை அவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள், பெண்கள் அதைக் குழாயடிக்கு எடுத்துப் போனார்கள். அங்கேதான் யாரோ சொன்னார்கள், இது நம்ம குப்பம்மா கதை இல்லையா என்று.

குப்பம்மாவுக்கு வலது தோள் ஏறித்தான் இருக்கும். பானை சுமந்த தோள். அவள் புருஷன் கிருஷ்ணப்பன், காலரா கண்ட வருஷம், நல்லாயிருந்த மனுஷன், ஒரே ராத்திரியில் செத்தான்.

கிருஷ்ணப்பனின் தம்பி எத்திராஜுக்கு அதோடு இன்னொரு விஷயமும் ஞாபகம் வந்தது. கல்யாணத்தின்போது அவர்கள் அம்மா, பேர் வெட்டிய ஒரு பித்தளைச் சொம்பை அண்ணனுக்குக் கொடுத்திருந்தாள். சாவுக்குப் பிறகு அதைக் காணோம். காலரா வண்டிக்காரர்கள் பாத்திரத்தையெல்லாம் வாரிக்கொண்டு போய்ச் சுண்ணாம்புக் குழியில் கொட்டிவிட்டார்கள் என்று அன்று அண்ணி சொன்னாள். அவனும் நம்பினான். இப்போது சொம்பு எங்கே இருக்கிறது என்று அச்சடித்த புத்தகமே சொல்கிறது. அச்சில் வந்ததைப் பொய் என்று சொல்லக்கூடிய ஆள் அந்த லைனில் இல்லை.

மேஸ்திரி ஜெயவேல் நாள் குறித்துவிட்டார். இன்று, விளக்கு வைக்கிற நேரம், சபை கூடும். புத்தகத்தைச் சபையில் படிக்க வேண்டும். குற்றம் என்று பட்டால் கடப்பாரையோடு போய்க் குப்பம்மாவின் அடுப்பை இடிப்பார்கள். சபை இடித்த அடுப்பை அந்த லைனில் திரும்பப் போடக் கூடாது. அடுப்பு இல்லாதவள் சட்டிபானையை எடுத்துக்கொண்டு அன்றைக்கே வெளியேற வேண்டும். குற்றமில்லை என்று விட்டால், மேஸ்திரி அவள் வீட்டு வாசலில் அவள் கையால் வாங்கி வாய் நனைக்க வேண்டும். இரண்டும் பழைய வழக்கம். குப்பம்மாவுக்கு வெளியே போக வேறு ஊர் இல்லை, வேறு ஆளும் இல்லை.

காலையில் துறைமுக வாசலில் காத்து நின்ற கோஷ்டி, கப்பல் வரவில்லை என்று வீடு திரும்பியிருந்தது. நீலமேகம் அதே லைனில் இருந்த தன் வீட்டில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

"அந்தப் பொஸ்தகம் எங்கயா?" என்றாள் ராஜாத்தி.

"ஏதுக்கு?"

"மேஸ்திரி கேட்டு அனுப்பிகீறாரு."

"கடல்ல பூட்ச்சு."

"பூட்ச்சா, நீ உட்டியா?"

அவள் அவன் தோளைப் பிடித்துத் திருப்பினாள். அவன் கண் சிவந்திருந்தது. தூக்கம் இல்லாத கண்.

"அதுல சொம்பு இல்ல, ராஜாத்தி" என்றான்.

சொம்பு இல்லை, அரளி இல்லை, நீராகாரமே இல்லை. சேவகனை யாரோ மூட்டைக் கயிற்றால் கழுத்தை நெரித்து உப்புக்குள் தள்ளியிருந்தார்கள். பெண்டாட்டி வருவதே நாலு பக்கம், அந்த நாலு பக்கமும் அழுகை. மிச்சமெல்லாம் சூரியோதயமும் தர்ம நியாயமும். முதல் இரண்டு நாள் உள்ளபடியே படித்தான். கோஷ்டி குறட்டை விட்டது. தூங்குகிறவன் எவன் அவன் கூடையைச் சுமப்பான்? மூன்றாம் நாள் தெருப் பேர்களை மாற்றி, கல்மண்டபம், சாத்தாங்காடு என்று படித்தான். எழுந்து உட்கார்ந்தார்கள். அப்புறம் பெண்டாட்டி விஷம் வைத்தாள். பீடி பற்றவைத்துக்கொடுத்தார்கள். அப்புறம் அவள் கூழ் விற்றாள். ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு நேற்றைவிடக் கொஞ்சம் காரம் வேண்டியிருந்தது.

"எங்கம்மா தோளை ஏன்யா வச்ச?"

"தெனமும் என் கண்ணு முன்னால நடக்கற தோளு அது. வேற யாரு தோளுக்கு நான் போறது?"

"சொம்பு?"

நீலமேகம் அவளைப் பார்த்தான். "நீ சொன்னதுதான். உங்கப்பன் செத்த மறுநாளு உங்கம்மா அடுப்ப இடிச்சுட்டுப் புதுசா போட்டுச்சு, நீ பசியில அழுதுகினு இருந்தேன்னு சொல்லல?"

சொல்லியிருந்தாள். கல்யாணமான புதிதில், மழை பெய்த ஒரு சாயங்காலம், சும்மா பேச்சுக்கு.

"காலரா வூட்டுல பழைய அடுப்ப வச்சுகினு இருப்பாங்களா? எல்லாரும் பண்றதுதான அது" என்றாள்.

"நானும் அப்டிதான் நெனச்சேன். கதைக்கு நல்லா குந்துச்சு. சொம்பு நான் போட்டது. உங்க சித்தப்பன் சொம்பத் தேடிகினு கீறான்னு எனுக்குத் தெரியாது."

இதைச் சபையில் சொல் என்றாள். அவன் எழுந்து உட்கார்ந்து தலையை ஆட்டினான். மழைக்காலத்திலிருந்து அவன் கூடையை மற்றவர்கள் சுமந்திருக்கிறார்கள். லூர்துக்கு முதுகில் புண் காயவில்லை. அத்தனை பேர் முதுகிலும் ஏறி உட்கார்ந்துகொண்டு இல்லாததைப் படித்தேன் என்று எப்படிச் சொல்வது? காலை உடைப்பார்கள். அதற்குப் பிறகு எந்த மேஸ்திரியும் வேலை கொடுக்க மாட்டான். பேசப் பேச அவன் தன் முழங்காலையே தடவிக்கொண்டிருந்தான்.

ராஜாத்திக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இல்லை. அதற்கு நேரமும் இல்லை. வெயில் வாசலைத் தாண்டி இறங்கத் தொடங்கியிருந்தது.

புத்தகம் தேவப்பிரியம் கடையிலிருந்து வந்தது என்பது அவளுக்குத் தெரியும். தேவப்பிரியம் திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், கல்மண்டபம் சாலையில் மளிகைக் கடை. பொட்டலம் மடிக்கப் பழைய பத்திரிகையையும் புத்தகத்தையும் எடை போட்டு வாங்குவார். கிழிப்பதற்கு முன்னால் அவர் சம்சாரம் ஞானசெல்வி பின்கட்டில் உட்கார்ந்து அத்தனையையும் படித்துவிடுவாள். உளுந்து புடைக்கிற முறத்துக்கு அடியில் எப்போதும் ஒரு புத்தகம் கிடக்கும்.

ராஜாத்தி பின்வாசல் வழியாகப் போனாள். நல்லவேளை, தேவப்பிரியம் சரக்கு எடுக்கக் கொத்தவால் சாவடிக்குப் போயிருந்தார். "உப்பு மேட்டுப் பிணம்" என்றதுமே ஞானசெல்வி முறத்தைத் தள்ளி வைத்துவிட்டாள்.

"நீயும் கேட்டியா பிள்ள? உன் வீட்டுக்காரர்ட்ட ரெண்டு பாகம் குடுத்தேன். மூணாவது எங்கிட்டதான் இருக்கு. அந்த உப்பளத்துக் கணக்கன்தான் செஞ்சிருப்பாம்னு எனக்கு முதல்லயே பட்டுட்டு. கோர்ட்டுல அந்தப் பொம்பள நிக்கதப் படிச்சு நான் அழுதுட்டேன். புருசனையும் பறிகுடுத்துட்டு, பழியும் சுமக்கான்னா என்ன செய்வா?"

அந்தப் பெண்டாட்டிக்காக ஒருவர் அழுதார் என்பதை ராஜாத்தி அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டாள். நடந்ததைச் சொன்னாள். நீலமேகம் சொன்னதையும் மறைக்கவில்லை.

ஞானசெல்வி உள்ளே போய் மூன்றாம் பாகத்தை எடுத்து வந்து நீட்டினாள்.

"இதைக் கொண்டுபோய்க் காட்டு."

"யாருகிட்டக்கா காட்றது? அங்க படிக்கத் தெரிஞ்சவன் என் புருசன் ஒருத்தன்தான்."

ஞானசெல்வியின் கை நின்றது.

"நீ வந்து படிக்கணும்க்கா."

அவள் வரமுடியாது என்றாள். அவுக சம்மதிக்க மாட்டாக என்றாள். லைன் ஆட்கள் வாங்கினால்தான் கடை ஓடும், அவர்களைப் பகைக்க முடியாது, ஒரு பொம்பிளை கரிக்கோஷ்டி நடுவில் நின்று கொலைக்கதை படிக்கிறாள் என்றால் வேதக்கோயிலில் என்ன பேசுவார்கள் என்றாள். எல்லாம் நியாயம். ராஜாத்தி எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை.

"அரிசில வண்டு கீதுன்னு வாங்க வர்றவகிட்ட நீயே சொல்லிடுவியாம். அதுக்கு உன் வூட்டுக்காரரு உன்னத் திட்டுவாராம். லைன்ல உன்ன வச்சு சிரிப்பாங்கக்கா. கடைக்காரனுக்கு வாக்கப்பட்டும் பொய் சொல்லத் தெரியலன்னு. அத்தொட்டு நீ படிச்சா நம்புவாங்க. வேற யாரும் படிச்சா நம்ப மாட்டாங்க. இன்னிக்கு வெளக்கு வச்சா எங்கம்மாவுக்கு அடுப்பு கெடையாது."

ஞானசெல்வி முறத்தில் இருந்த உளுந்தைப் பார்த்தாள். இரண்டு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தாள்.

"முன்னால போ. வாறேன்" என்றாள்.

குற்றம் சாட்டப்பட்டவள் சபைக்கு வரக் கூடாது. கூப்பிடும் வரை வீட்டுக்குள் இருக்க வேண்டும். ராஜாத்தி அம்மாவிடம் ஓடினாள். குப்பம்மா அடுப்புக்கு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். நெருப்பு இல்லை. புத்தகத்தில் அப்படி ஒன்றும் இல்லை, எல்லாம் இவன் சேர்த்தது, கடைக்கார அக்கா வந்து உள்ளபடி படிக்கப் போகிறாள் என்று ராஜாத்தி மூச்சுவிடாமல் சொன்னாள்.

குப்பம்மா முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"எத்திராஜு உட மாட்டான்" என்றாள். "நீ போ. கதவ இஸ்துகினு போ. நான் அடுப்பு மெழுவணும்."

இன்றைக்கு எதற்கு மெழுக வேண்டும் என்று ராஜாத்திக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

தெருவிளக்குக் கம்பத்தடியில் சபை கூடியிருந்தது. ஜெயவேல் ஒரு கள்ளிப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். எத்திராஜ் கடப்பாரையைக் கையோடு கொண்டு வந்து தரையில் ஊன்றிப் பிடித்திருந்தான். நீலமேகம் கூட்டத்தின் கடைசியில், ஓடுவதற்கு வசதியாக நிற்பவன் போல நின்றான்.

ஞானசெல்வி முக்காடு போட்டுக்கொண்டு வந்தாள். புத்தகத்தை விளக்கு வெளிச்சத்துக்குப் பிடித்தாள். பிறகு கோயிலில் வேதம் வாசிக்கிற குரல் வந்துவிட்டது, நிதானமாக, ஏற்ற இறக்கம் இல்லாமல். கும்பினி நீதிமன்றத்தில் வைத்தியன் சாட்சி சொல்கிறான். கழுத்தில் கயிற்றின் தடம் இருந்தது. குடலில் விஷம் இல்லை. பெண்சாதி அன்றிரவு தாய் வீட்டில் இருந்தாள். அவள் மேல் குற்றம் இல்லை என்று துரை எழுதி வைத்தார்.

படித்து முடித்ததும் நிம்மதியாக யாரும் மூச்சு விடவில்லை. கூட்டத்துக்குக் கோபம் வந்தது.

"அரளி எங்க?" என்றான் ரகுபதி. பெண்டாட்டியைத் தொலைத்தவன் அவன். அவனுக்கு அரளி வேண்டியிருந்தது.

இது வேறு புத்தகம் என்று ஒருவன் சொன்னான். நீலமேகம் படித்தது எவ்வளவு நன்றாக இருந்தது, இந்தம்மா படிக்கும்போது ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லையே என்றார் சேவகனுக்காக அழுத கிழவர். எண்ணூரில் உப்பு மேட்டைப் பார்த்தவன், தான் பார்த்தது பொய்யா என்று சண்டைக்கு வந்தான்.

எத்திராஜ் கடப்பாரையைத் தூக்கி மறுபடி ஊன்றினான். "பொம்பளைக்குப் பொம்பள மாத்திப் படிக்குது, மேஸ்திரி. நம்ம ஆளு படிக்கட்டும்."

ஜெயவேல் புத்தகத்தை வாங்கி, படித்த பக்கத்தில் விரலை வைத்தபடியே நீட்டினார். "நீலமேகம். இங்க வா. இதே பக்கம்."

கூட்டம் வழிவிட்டது. நீலமேகம் விளக்கடிக்கு வந்தான். புத்தகத்தை வாங்கினான். ராஜாத்தி அவனுக்கு நேரே நின்றாள். அவள் ஜாடை ஏதும் காட்டவில்லை. அவன் அரளியைச் சேர்த்துப் படித்தால் இன்றிரவு அம்மா தெருவில். சேர்க்காமல் படித்தால் இவன் கால் போகும். எது நடந்தாலும் அவள்தான் சுமக்க வேண்டும். அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது ஒன்றே: இந்த மனுஷன் ஒரு தடவையாவது உள்ளதைப் படிக்கட்டும்.

அவன் படித்தான். கழுத்தில் கயிற்றின் தடம் இருந்தது. குடலில் விஷம் இல்லை. அதே சொற்கள், அதே வரிசை. அவன் குரலில் எப்போதும் இருக்கிற வண்ணம் எதுவும் இல்லை.

"அப்ப சொம்பு?" என்றார் ஜெயவேல்.

"நான் போட்டது."

முதல் அடி லூர்துவிடமிருந்து வந்தது. அவன் மேல்துணியை விலக்கி முதுகுப் புண்ணை நீலமேகத்துக்குக் காட்டினான். காட்டிவிட்டு அறைந்தான். பிறகு யார் அடித்தார்கள் என்று கணக்கில்லை. நீலமேகம் கையைத் தூக்கவில்லை. ராஜாத்தி நடுவில் போகவில்லை. வாய் கிழிந்து அவன் மண்ணில் உட்கார்ந்த பிறகுதான் ஜெயவேல் போதும் என்றார்.

அடுத்த மழை வரைக்கும் அவன் தன் கூடையோடு லூர்துவின் கூடையையும் சுமக்க வேண்டும். இனிப் படிக்கக் கூடாது. குப்பம்மா மேல் குற்றம் இல்லை. இதுதான் தீர்ப்பு.

"அப்ப யாருதான் கொன்னது?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் ஞானசெல்வியைக் கேட்டது.

"நாலாம் பாகம் வந்தாத்தான் தெரியும்" என்று அவள் சொல்லிவிட்டுத் திரும்பினாள். கூட்டத்தின் ஓரத்தில் கையில் பையோடு தேவப்பிரியம் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் முக்காட்டை இன்னும் இழுத்துக்கொண்டாள்.

எத்திராஜ் நகரவில்லை.

"பொஸ்தகத்துல இல்ல. சரி. எங்கம்மா குடுத்த சொம்பு இருந்துதே, அது எங்க? அண்ணி என் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த சொல்லட்டும். அப்பால நான் கேக்க மாட்டேன்."

கடப்பாரையை இங்கேயே போட்டுவிட்டுப் போ என்றார் ஜெயவேல். எத்திராஜ் அதைக் கீழே போட்டான். அந்தச் சத்தம் கேட்டதும் ராஜாத்தி ஓடத் தொடங்கினாள். அம்மாவிடம் நல்ல சேதியை முதலில் தான் சொல்ல வேண்டும். பின்னால் ஜெயவேல் கூட்டத்தைப் பார்த்து ஏதோ சொல்வது காதில் விழுந்தது. நின்று கேட்கவில்லை.

கதவு உள்பக்கம் சாத்தியிருந்தது. தோளால் தள்ளித் திறந்தாள்.

அடுப்பு இடிந்து கிடந்தது.

குப்பம்மா குழிக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் தேங்காய் உரிக்கிற இரும்பு. முழங்கை வரைக்கும் மண். மடியில் ஒரு சொம்பு. பச்சை பூத்துப்போன பித்தளை. வாயைத் துணி வைத்து இறுகக் கட்டி, மேலே களிமண் பூசியிருந்தது. வயிற்றுப் பக்கம் மண் உதிர்ந்த இடத்தில் வெட்டெழுத்துத் தெரிந்தது. ராஜாத்திக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அப்பன் பேர் எப்படி இருக்கும் என்று தெரியும். சின்ன வயதில் அந்த எழுத்தின் மேல் விரலை ஓட்டி விளையாடியிருக்கிறாள்.

"உன் புருசன்கிட்ட யாருடி சொன்னது?" என்றாள் குப்பம்மா.

மழை பெய்த அந்தச் சாயங்காலமும், பசியில் அழுத சிறு பெண்ணும், ஈர மண்ணைக் குழைத்துக்கொண்டிருந்த அம்மாவும் ஒரே சமயத்தில் ராஜாத்தியின் கண்ணுக்குள் வந்து நின்றார்கள். அம்மா அன்று ஏன் அழவில்லை?

"இதுல இன்னாமா கீது?"

"கதவச் சாத்து" என்றாள் குப்பம்மா. ராஜாத்தி சாத்தினாள்.

வெளியே செருப்புச் சத்தம். "அண்ணி" என்று எத்திராஜின் குரல்.

ஒற்றை அறை. ஒளிக்க ஓர் இடமில்லை. பரணில்லை, பெட்டியில்லை. ராஜாத்தியின் கண் சுற்றிச் சுற்றி வந்து மூலையில் நின்றது. இந்த லைனில் யாரும் தொடாத பாத்திரம் ஒன்று அங்கே இருந்தது. அவள் சொம்பைப் பிடுங்கினாள். கூழ்ப்பானைக்குள் இறக்கினாள். ஏடு கிழிந்து, சொம்பை விழுங்கி, மெல்லச் சேர்ந்துகொண்டது. குழியில் சொம்பின் வடிவம் அச்சாகப் பதிந்திருந்தது. அதைக் காலால் கலைத்தாள். கையைப் புடவையில் துடைத்தாள்.

கதவைத் திறந்தாள்.

குப்பம்மா உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை. "வா எத்திராஜு" என்றாள். "நீ இடிக்கறதுக்கு முன்னால நானே இடிச்சுட்டேன். உன் சொம்பு கீதா பாரு."

எத்திராஜ் குனிந்து குழியைப் பார்த்தான். கையை விட்டுத் துழாவினான். மண்தான் வந்தது. அவன் அப்படியே குந்தி உட்கார்ந்தான். எழுந்தபோது அவன் கண் ஈரமாக இருந்தது. அண்ணியின் காலைத் தொட்டான்.

ராஜாத்திக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அது பாதியிலேயே நின்றது.

வாசலில் ஜெயவேல் நின்றார். அவருக்குப் பின்னால் லூர்து, ரகுபதி, அழுத கிழவர், கோஷ்டி முழுவதும். ஒவ்வொருவன் கையிலும் ஒரு குண்டான் இருந்தது.

வழக்கப்படி நான் ஒருவன் வாய் நனைத்தால் போதும், ஆனால் பழி பெரிசு, ஆகவே இன்று எல்லாரும் குடிப்போம் என்றார் ஜெயவேல். காலையில் விற்காத கூழ் அப்படியே இருக்கிறதாமே என்றார். குண்டானை முதலில் அவரே நீட்டினார்.

"ஊத்து, குப்பம்மா."

சொம்பின் வாயில் பூசிய களிமண் இந்நேரம் கூழில் கரைந்துகொண்டிருக்கும். ராஜாத்தி அம்மாவைப் பார்த்தாள். குப்பம்மா பானையைப் பார்த்தாள். ஒரு பக்கம் கிழிந்து சேர்ந்திருந்த ஏட்டைப் பார்த்தாள். அவளுக்கும் அதே நினைப்புத்தான் என்று ராஜாத்திக்குத் தெரிந்தது.

குப்பம்மா கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். எழுந்தாள். ஏறிய தோளோடு மூலைக்கு நடந்து போய், அகப்பையை எடுத்தாள்.